மாத்திரைக் கணக்கு

மாத்திரை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வைத்தியர் எழுதிக் கொடுப்பது ஒன்று. இலக்கணக்காரர் எண்ணிக் கொடுப்பது மற்றொன்று. கண் இமைக்கும் பொழுது, அல்லது கை நொடிக்கும் பொழுது, ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்களில் நாமும் ஒருவர்.

ஆனால் இன்றைய தினம் எந்த வீட்டுக்குள் நுழைந்து, "மாத்திரை எங்கே?" என்று கேட்டாலும், யாரும் நன்னூலை எடுத்து வந்து நீட்ட மாட்டார்கள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா இறங்கி வரும். காலை, மதியம், இரவு என்று அதில் அறைகள் பிரித்திருக்கும். இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, நீரிழிவுக்கு இரண்டு, தூக்கம் வராவிட்டால் பாதி. ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர் இருவர் இருக்கிற வீட்டில் இரண்டு டப்பாக்கள்.

இந்த வாரம் நாம் எழுத உட்கார்ந்தது இலக்கணக்காரருடைய மாத்திரையைப் பற்றி. அதாவது மூச்சை அளந்து வாங்கி அளந்து விடுகிற பிராணாயாம அப்பியாசத்தைப் பற்றி. "மனம் ஓயாமல் அலைகிறது, இரவில் நித்திரை சரியாக இல்லை, தினந்தோறும் மூச்சுப் பயிற்சி செய்தால் நல்லது என்கிறார்களே, ஆரம்பிக்கலாமா? எப்படி ஆரம்பிப்பது?" என்று நம்மைக் கேட்கிறவர்கள் வர வர அதிகமாகிறார்கள். தாராளமாக ஆரம்பிக்கலாம் என்பதே நமது பதில். ஆனால் இலக்கணக்காரரின் மாத்திரை கிடைத்துவிட்டது என்பதற்காக வைத்தியரின் மாத்திரையை அவரைக் கேளாமல் குப்பையில் கொட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை இதோடு புரட்டிவிடலாம். அவர்களுக்காக நாம் எழுதவில்லை.

ஐக்கிய நாடுகள் சபை 2014-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி ஒரு தீர்மானம் செய்து, ஜூன் 21-ஐச் சர்வதேச யோகா தினமாக்கிற்று. 2015 முதல் ஆண்டுதோறும் அன்றைக்கு மைதானங்களில் ஜமக்காளம் விரிகிறது. பெரிய மனிதர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அமர்கிறார்கள். படங்கள் வெளியாகின்றன. அதைப் பார்த்து அநேக வீடுகளிலும் ஒரு பாய் விரிக்கப்படுகிறது. அது நல்லதுதான். ஆயினும் ஆனி மாதம் ஏழாந்தேதி விரித்த பாய் ஆடிப்பெருக்கு வரையில் விரிந்திருக்கிற வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கை விரல்களே போதும் என்று தோன்றுகிறது. நாம் கண்டவரையில் பத்தாம் நாள்தான் கண்டம். அதைத் தாண்டுகிறவர்கள் சிலர்.

சோம்பல் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். நமது அபிப்பிராயம் வேறு. ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முடிக்க வேண்டிய இடத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மூச்சை உள்ளே வாங்குவது பூரகம், நிறுத்துவது கும்பகம், வெளியே விடுவது இரேசகம். இவற்றுக்குத் திருமூலர் சொல்லும் அளவு முறையே 16, 64, 32 மாத்திரை. அளவு தெளிவாக இருக்கிறது; அச்சிலும் கிடைக்கிறது; ஆகவே நாளைக்கே தொடங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. இந்த அளவு யாருக்குச் சொன்னது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு வகுத்த எட்டு அங்கங்களில் பிராணாயாமம் நாலாவது. இயமம், நியமம், ஆசனம் என்ற மூன்று படிகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. ஹடயோகப் பிரதீபிகை என்னும் நூல் இன்னும் பச்சையாக எச்சரிக்கிறது: சிங்கத்தையும் யானையையும் புலியையும் எப்படிச் சிறுகச் சிறுகப் பழக்குகிறார்களோ அப்படியே வாயுவையும் பழக்க வேண்டுமாம், தவறினால் பழக்குகிறவனையே அது கொன்றுவிடுமாம். காட்டிலிருந்து பிடித்து வந்த யானையின் மேல் அன்றைக்கே அம்பாரி கட்டுகிறவர் உண்டா?

நமக்குத் தெரிந்த ஒரு நண்பர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். மேற்படி 16, 64, 32 கணக்கை எங்கேயோ வாசித்துவிட்டு மறுநாள் விடியற்காலமே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் நம்மைத் தெருவில் கண்டதும், "ஸார், கும்பகத்தில் நாற்பதுவரை போய்விட்டேன்!" என்றார். முகம் இரத்தமாகச் சிவந்திருந்தது.

"நல்லது. மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டோம்.

"மனத்தைப் பார்க்க எங்கே ஸார் நேரம்? எண்ணுவதற்கே சரியாக இருக்கிறது."

ஐந்தாம் நாள் தலைவலி வந்தது. ஆறாம் நாள் பாய் சுருண்டது. இப்பொழுது, "பிராணாயாமம் நம்முடைய தேகத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கடைத்தெருவில் அவர் பிரசாரம் செய்துவருகிறார்.

இது நிற்க. மூச்சை அளந்து விட்டால் மனம் அடங்கும் என்கிறார்களே, அதற்குத் தேகத்தில் என்ன முகாந்தரம்? இதை நேயர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம், காசு செலவில்லை. இடது மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், வலது கையின் மூன்று விரல்களை வைத்து நாடியைப் பாருங்கள். மெதுவாக மூச்சை உள்ளே வாங்குங்கள். நாடி சற்று விரையும். மெதுவாக வெளியே விடுங்கள், நாடி தாமதிக்கும். இளம் வயசினரிடம் இந்த வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இப்படிப் பார்க்கச் சொன்னபோது, "ஸார், நிஜமாகவே நின்று நின்று அடிக்கிறது!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கூவினான். அந்த வருஷம் முழுவதும் அவன் தானாக வாயைத் திறந்து பாடத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இருதயம், சுவாசப்பை, வயிறு ஆகியவற்றுக்குச் செல்லும் வேகஸ் என்னும் நரம்பு ஒன்று உண்டு. இருதயமாகிய குதிரைக்கு அதுவே கடிவாளம். மூச்சு உள்ளே போகும்போது கடிவாளம் தளர்கிறது. வெளியே வரும்போது இழுபடுகிறது. ஆகையால் வெளிமூச்சு நீண்டால் கடிவாளம் பிடிபட்டிருக்கும் நேரமும் நீளும். இருதயத்துடிப்பை, "நீ நிதானமாய் அடி" என்று கட்டளையிட்டு நிதானப்படுத்த நம்மால் ஆகாது. ஜீரணத்தையும் அப்படித்தான். மூச்சு ஒன்றுதான் நாம் மறந்திருந்தாலும் தானே நடந்து, கவனித்தால் நம் சொற்படியும் கேட்கிறது. தேகத்தின் உள்வீட்டுக்குள் நுழைய நமக்கு விட்டிருக்கும் வாசல் அதுவே. பழைய யோகிகள் வேகஸ் நரம்பை அறுத்துப் பார்த்தவர்கள் அல்லர், வாசலைக் கண்டுபிடித்தவர்கள்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். ஆழ்ந்து மூச்சு வாங்கினால் இரத்தத்தில் பிராணவாயு மிகுதியாகச் சேருகிறது, அதனால்தான் சுகம் என்று பலர் சொல்லுகிறார்கள். சில புஸ்தகங்களும் சொல்லுகின்றன. சுகதேகியின் தமனி இரத்தம் சும்மா இருக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிராணவாயுவால் நிரம்பியிருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றி என்ன ஆகப்போகிறது? பெரிய பெரிய மூச்சாக வேகமாக வாங்கினால் நடப்பது வேறு: இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரமரக்கும். இதைக் "குண்டலினி எழும்புகிறது" என்று எண்ணிச் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. எழும்புவது குண்டலினி அல்ல. எழும்பி நின்றால் அவர்தாம் விழுவார்.

சரி, மெதுவான மூச்சில் லாபம் எங்கே? ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்; உபாத்தியாயர் வழக்கத்தை நேயர்கள் மன்னிக்க வேண்டும். நம் யோக நூல்களில் மனிதனுக்கு நாளொன்றுக்கு 21,600 சுவாசம் என்று சொல்லியிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் நிமிஷத்துக்கு 15 வருகிறது; இன்றைய வைத்திய நூல்கள் சொல்லும் 12 முதல் 20 வரை என்ற எல்லைக்குள் சரியாக அடங்குகிறது. ஒரு சாதாரண மூச்சுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று. அதில் ஏறக்குறைய 150, மூக்கிலும் தொண்டையிலும் குழாயிலுமே தங்கி, சுவாசப்பையின் நுண்ணறைகளுக்குப் போகாமலே திரும்பிவிடுகிறது. வாசல்வரை வந்து உள்ளே வராமல் போகிற விருந்தாளி மாதிரி. ஆக, நிமிஷத்துக்கு 15 மூச்சில் நாம் இழுக்கும் காற்று 7,500, பயன்படுவது 5,250. அதையே நிமிஷத்துக்கு 6 மூச்சாக, மூச்சுக்கு 1,000 வீதம் வாங்கினால் இழுப்பது 6,000, பயன்படுவது 5,100. பயன் ஏறக்குறைய அதேதான், இழுக்க வேண்டிய காற்று குறைந்துவிடுகிறது.

நிமிஷத்துக்கு ஆறு என்ற இந்த எண் சுவாரஸ்யமானது. இத்தாலி தேசத்து வைத்திய ஆராய்ச்சியாளரான லூசியானோ பெர்னார்டியும் அவருடைய கூட்டாளிகளும் 2001-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 23 பேரை ஜபமாலைப் பிரார்த்தனையை லத்தீனில் சொல்லச் செய்தார்கள். பிறகு ஒரு யோக மந்திரத்தைச் சொல்லச் செய்தார்கள். கத்தோலிக்கப் பிரார்த்தனைக்கும் கீழ்நாட்டு மந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறு தடவைக்கு இறங்கிற்று. அந்த வேகத்தில் இருதயத்தின் ஏற்ற இறக்கமும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் இசைந்து, அழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் உடலின் இயற்கை ஏற்பாடு கூர்மையடைந்தது. ஜபம் செய்யும் பாட்டியிடம், "என்ன பலன்?" என்று கேலி செய்கிற பேரப்பிள்ளைகள் இதை வாசிக்கக் கடவர்.

மேனாட்டார் சொன்னால்தான் நம்புவோம் என்று இருக்க வேண்டியதில்லை. சுவாமி குவலயானந்தர் 1924-லேயே லோணாவ்ளாவில் கைவல்யதாமம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, அதே வருஷம் யோக மீமாம்ஸா என்ற பத்திரிகையையும் ஆரம்பித்தார். யோக அப்பியாசங்களை எக்ஸ்ரே கருவியைக் கொண்டும் இரத்த அழுத்தக் கருவியைக் கொண்டும் சோதித்த முன்னோடி அவர். "நம்புங்கள்" என்று சொல்லாமல் "அளந்து பாருங்கள்" என்று சொன்ன யோகி.

பெருமூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் குழந்தை பெருமூச்சு விட்டால் பெரியவர்களுக்குப் பிடிக்காது, "என்ன குடி முழுகிப் போயிற்று?" என்பார்கள். உண்மையில் நாம் அறியாமலே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நம் தேகம் பெருமூச்சு விடுகிறது. சுருங்கிப்போன நுண்ணறைகளை மறுபடி விரிப்பதற்கு அது அவசியம். 2023-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தினம் ஐந்து நிமிஷம் வீதம் ஒரு மாதம். ஒரு சாரார் வெவ்வேறு மூச்சுப் பயிற்சிகள், மற்றொரு சாரார் தியானம். எல்லோருக்கும் நன்மை தெரிந்தது. ஆனால் இரண்டு தடவையாக மூச்சை வாங்கி, நீளமாகப் பெருமூச்சு விட்டவர்களுக்கே மன உற்சாகம் மிகுதியாகக் கூடிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு: ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது, வெளிமூச்சு நீளமாயிருந்தது. நன்மை மலையளவு என்று யாரும் சொல்லவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தவர்களும் மிதமான பலன் என்றே சொல்லுகிறார்கள். மிதமான பலன், செலவில்லாமல், தினந்தோறும் கிடைக்குமானால் நடுத்தரக் குடும்பத்தார் அதை வேண்டாம் என்று சொல்லலாமா?

இனி, ஆரம்பிக்கும் முறை. முதல் மாதத்தில் கும்பகம் வேண்டா. மூச்சை நிறுத்துகிற காரியமே வேண்டா. சப்பணமிட்டு உட்கார முடிந்தால் பாயில் உட்காருங்கள்; முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குச் சாந்தி கிட்டாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், விறைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே திரைபோல இருக்கும் தசை கீழே இறங்கும்போதுதான் சுவாசப்பை நன்றாக விரியும்; அது இறங்குகிறது என்பதற்கு அடையாளம், உள்மூச்சில் வயிறு மெல்ல முன்னுக்கு வருவது. தோள் ஏறி இறங்கினால் மேலோட்டமாக மூச்சு விடுகிறீர்கள் என்று அர்த்தம். வாயை மூடி, மூக்கு வழியாக மூன்று எண்ணும்வரை வாங்குங்கள்; நாலு எண்ணும்வரை விடுங்கள். எண் ஒன்றுக்குச் சுமார் ஒரு விநாடி. சுவர்க் கடிகாரத்தின் டிக் ஓசை இருந்தால் மெத்த நல்லது. ஒரு வாரம் சிரமமில்லாமல் நடந்தால் மூன்றை நாலாக்கி, நாலை ஆறாக்கலாம். நாலும் ஆறும் பத்து. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. அதற்குமேல் ஏற்ற வேண்டுமென்ற ஆசை வந்தால், அது தேகத்தின் ஆசையா, மார்க்கு வாங்கும் ஆசையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது திணறல் தோன்றினால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நிறைவேற்றக் கூடாது.

இடமும் பொழுதும் மாறாமல் இருப்பது, எண்ணிக்கையைவிட முக்கியம். காலை வெறும் வயிற்றோடு செய்வது உத்தமம். முடியாதவர்கள் மாலையில் செய்யலாம். ஆனால் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு உடனே மூக்கைப் பிடிக்க உட்காருவது தேகத்துக்குச் செய்கிற துரோகம். இரண்டு மூன்று மணி நேரமாவது கழிய வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், தெருவில் குப்பை எரிக்கிறார்கள் என்றால் மூடியிருக்கட்டும். இரவெல்லாம் கொசுவத்தி புகைந்த அறையில் விடியற்காலம் உட்கார்ந்து ஆழ்ந்து மூச்சு வாங்குவது என்ன யோகம் என்று நமக்கு விளங்கவில்லை. ஊதுவத்திக்கும் அதே ஆட்சேபம், தெய்வம் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். எண்ணுவதற்கு உதவி செய்கிறது என்று அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவர்கள், மூன்றாவது மூச்சில் யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூக்கின் இரு துவாரங்களையும் மாற்றி மாற்றிச் செய்யும் நாடி சுத்தியை இரண்டாம் மாதம் பழகலாம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுப்பது நலம். மைசூரிலும் பிற்காலத்தில் சென்னையிலும் யோகம் பயிற்றிய திருமலை கிருஷ்ணமாசாரியார் (1888–1989) வயசு, வியாதி, தொழில் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக அப்பியாசம் வகுத்துக் கொடுத்தார் என்பது பிரசித்தம். தையற்காரன் ஒரே அளவில் ஊருக்கெல்லாம் சட்டை தைத்தால் எத்தனை பேருக்குப் பொருந்தும்?

முறை இவ்வளவே. ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. இனி வருவதுதான் கஷ்டமான பகுதி.

நமக்குத் தெரிந்த ஒரு வீடு. காலை ஐந்தரை மணிக்குக் கூடத்தில் குடும்பத் தலைவர் பிராணாயாமத்தில் அமர்வார். வீடு நிசப்தமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் கால் விரல்களால் நடப்பார்கள். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கப் போகிறதே என்று அந்த அம்மாள் அடுப்பைத் தணிப்பதும் ஏற்றுவதுமாக நிற்பார். ஏனென்றால் விசில் அடித்தால் தலைவருடைய சாந்தி குலையும்; குலைந்த சாந்தி கோபமாக மாறிச் சமையலறை வாசலுக்கு வரும். "அப்பாவின் நிம்மதிக்காக வீட்டில் அரைமணி நேரம் யாருக்கும் நிம்மதி இல்லை" என்று அவர்களுடைய பெண் ஒரு நாள் நம்மிடம் சொன்னாள். காலேஜில் வாசிக்கிற பெண். வாய் கொஞ்சம் நீளந்தான். ஆனால் சொன்னதில் பிழையில்லை.

அந்த அம்மாளை, "நீங்களும் கொஞ்சம் உட்காரலாமே" என்று கேட்டோம். "எனக்கும் ஆசைதான் ஸார். நாலரைக்கு எழுந்தால் ராத்திரி பத்தரை ஆகிறது. நடுவில் மூச்சுவிட நேரமில்லை" என்றார்.

மூச்சுவிட நேரமில்லை! தமிழில் இதைத் தினம் பத்துத் தடவை கேட்கிறோம், சொல்லுகிறோம். அலங்காரமாகச் சொல்லுகிற வார்த்தை. அந்த வீட்டில் அது அலங்காரம் அல்ல, கணக்கு. மத்திய சர்க்கார் 2019-ல் எடுத்த காலச் செலவுக் கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் ஸ்திரீகள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம். ஈடுபடும் புருஷர்கள் செலவிடுவது 97. புருஷர்களில் ஈடுபடுகிறவர்களே மிகச் சிலர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மனச்சாந்தி எந்த முறையால் கிடைக்கும், எந்த ஆசனம் சிறந்தது என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் யாருக்கு அது மிகுதியும் தேவையோ, அவருக்கு ஐந்து நிமிஷம் கொடுக்க மனம் வரவில்லை. இந்த ஐந்து நிமிஷம் ஆகாயத்திலிருந்து விழாது. வீட்டிலுள்ள மற்றொருவருடைய ஐந்து நிமிஷத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்தப் பெண்தான் ஏற்பாடு செய்தாள். ஆறு மணிக்குப் பால் காய்ச்சும் பொறுப்பு அப்பாவுக்கு என்று தீர்மானமாயிற்று. முதல் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டாம் நாளும் வழிந்தது. அம்மாள் எழுந்திருக்கப் போனார். "எழுந்திருக்காதே அம்மா, பொங்கினால் பொங்கட்டும்" என்று பெண் உட்கார வைத்தாள். மூன்றாம் நாள் தலைவர் பாலைப் பார்த்துக்கொண்டே நிற்கக் கற்றுக்கொண்டார். பால் பொங்கும்வரை அசையாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒருவகைத் தாரணைதான் என்று நாம் அவருக்குத் தைரியம் சொன்னோம்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாளிடம் பலன் உண்டா என்று விசாரித்தோம். ஜோதி தெரிந்தது, நாதம் கேட்டது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "சின்னவன் பள்ளிக்கூடம் போகிற சமயத்தில் சாம்பார்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டான் ஸார். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஓங்கின கை இறங்குவதற்குள் மூச்சு ஒன்று நீளமாக வெளியே போயிற்று. பிறகு அடிக்கத் தோன்றவில்லை, துணியை எடுத்துத் துடைத்தேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "அவன்தான் அழுதான். இன்னும் அடி விழவில்லையே என்று பயந்து அழுதான்" என்றும் சொன்னார். பிராணாயாமத்தின் பலனைப் பற்றி நாம் வாசித்த புஸ்தகங்களில் இப்படி ஒரு வரி இல்லை.

எச்சரிக்கையாகச் சில வார்த்தைகள் மிச்சம். இருதய நோய், அதிக இரத்தக் கொதிப்பு, வலிப்பு உடையவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் கும்பகத்தையும், கபாலபாதி, பஸ்திரிகா முதலிய வேகமான வகைகளையும் தொட வேண்டா. மெதுவான மூச்சையும் வைத்தியரிடம் சொல்லிவிட்டே ஆரம்பிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இதைச் செய்கிறோம் என்று அதை நிறுத்தலாகாது. சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பயம் அதிகமாவதுண்டு. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைப் பார்த்தபடி செய்யட்டும். அப்பொழுதும் பயம் தணியாவிட்டால் விட்டுவிட்டு நடக்கப் போகட்டும். வாரக்கணக்காக மனம் இருண்டே கிடந்தால் அதற்கு வைத்தியர் இருக்கிறார். எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டா.

ஜலதோஷத்தால் மூக்கு அடைத்த நாளில் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் கவலையில்லை. சுகமாயிருக்கும்போதும் நம் மூக்கின் இரு துவாரங்களும் சில மணிக்கொரு முறை மாறி மாறியே நன்றாகத் திறக்கின்றன. இரண்டும் அடைத்திருந்தால் அன்றைக்கு வெந்நீர் ஆவி பிடித்துவிட்டு, அதே பாயில், அதே ஐந்து நிமிஷம், எண்ணாமல் சும்மா உட்கார்ந்திருங்கள். பால் அடுப்பை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும்.